சபையின் பொறுப்பு யார் கையில்? உள்ளூர் ஊழியத்தை நல்லபடி நடத்துதல் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் ஒரு சேகரத்தின் போதகருக்கு ஒரே வாரத்தில் வந்து சேரும் வேலைகளை எழுதிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஞாயிறு காலை தாய்ச் சபையில் ஆராதனை, அது முடிந்த கையோடு கிளைச் சபையில் திருவிருந்து, மாலையில் வேறோர் ஊரில் ஜெபக்கூட்டம். வாரநாட்களில் வேதபாட வகுப்பு, பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் கூட்டம், நிச்சயதார்த்தம், புதுவீட்டு ஜெபம், அடக்க ஆராதனை. அதற்கு மேல் பள்ளிக்கூட நிர்வாகம், கட்டடக் கமிட்டி, திருமண்டல அலுவலகத்துக்கு அலைச்சல். இதற்கெல்லாம் நடுவில், குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்து இரவில் கதவைத் தட்டும் பெண்ணும் உண்டு. ஒரு மனிதர் தனியாக இவ்வளவையும் செய்து முடிக்க முடியாது என்பது போதகருக்கும் தெரியும், சபையாருக்கும் தெரியும். தெரிந்தும் பெரும்பாலான சபைகள் ஒருவரைச் சுற்றியே நடக்கின்றன.

உள்ளூர் சபையின் ஊழியத்தை நல்லபடி நடத்துவது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்ச் சபைகள் முந்நூறு ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. அவற்றில் எவை பலன் தந்தன, இன்று எங்கே இடறுகிறோம், நாளையிலிருந்து எதைச் செய்யத் தொடங்கலாம் என்று இக்கட்டுரை பார்க்கிறது. இதன் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேலையைப் பலரிடம் பிரித்துக் கொடுத்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். அது பாதி வழிதான். வேலையோடு முடிவெடுக்கும் உரிமையும் பணத்தின் கணக்கும் சேர்ந்து பிரிந்தால்தான் ஒரு சபை தன் காலில் நிற்கும்.

வேதம் காட்டும் வழி

ஊழியப் பகிர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். காலை முதல் மாலை வரை ஜனங்களின் வழக்குகளைத் தனியே விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்த மாமனார் எத்திரோ, இப்படியே போனால் நீயும் தளர்ந்துபோவாய், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்று எச்சரித்தார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்தும்படி யோசனை சொன்னார். எத்திரோ அந்தத் தலைவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது எடுபிடி வேலையை அல்ல. சிறிய காரியங்களில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தையே கொடுக்கச் சொன்னார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் இதைவிட ஒரு படி மேலே போகிறது. அன்றாடப் பந்தி விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விட்டுப்போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி அப்போஸ்தலர்கள் சபையையே கேட்டுக்கொண்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பு போயிற்று என்று இதிலிருந்து கொள்ள இடமுண்டு. இன்று ஒரு சபையில் குறை சொல்கிறவரை எதிரியாகப் பார்ப்பதா, பொறுப்புக்கு அழைப்பதா என்று குழம்பும் தலைவருக்கு இந்த அதிகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது.

பணக் காரியத்திலும் முன்மாதிரி இருக்கிறது. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுல் தனியே போகவில்லை. சபைகள் நியமித்த ஆட்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதையும், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் காரியம் நேர்மையாகத் தெரிய வேண்டும் என்ற தன் நோக்கத்தையும் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். பவுலுக்கே சாட்சிகள் தேவைப்பட்டார்கள் என்றால், நம் பொருளாளருக்குத் தேவையில்லை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

தமிழ் மண்ணில் மூன்று நூற்றாண்டுகள்

மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே உருவான சபையில் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் குருப்பட்டம் பெற்றது 1733இல். இடைப்பட்ட 27 ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் கிராமங்களில் சபையை உண்மையில் தாங்கியவர்கள் உபதேசிமார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தது, நோயாளிகளைப் பார்த்தது, இறந்தவர்களை அடக்கம் செய்தது, புதிதாக வந்தவர்களை ஆயத்தப்படுத்தியது எல்லாம் அவர்கள்தான். பெயர் மிஷனரியுடையது, நடந்த கால் உபதேசியாருடையது.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி இரேனியஸ் ஐயர் இந்த உண்மையைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர். உபதேசிமார்களைப் பயிற்றுவிப்பதை அவர் தன் ஊழியத்தின் நடுவில் வைத்தார். கிறிஸ்தவர்களானதால் வீட்டையும் நிலத்தையும் இழந்து துன்பப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830இல் தரும சங்கம் ஏற்பட்டது. ஏழைகளுக்கு உதவுவதை ஒரு தனிமனிதரின் இரக்கத்துக்கு விட்டுவிடாமல் சபையாரின் கூட்டுப் பொறுப்பாக்கிய முயற்சி அது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கத்தின் செயலராக இருந்த ஹென்றி வென், உள்ளூர் சபை மூன்று வகையில் தானே நிற்க வேண்டும் என்று வலியுறுத்தினார்: தன்னைத் தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தானே சுவிசேஷத்தைப் பரப்ப வேண்டும். அந்தக் கருத்துக்குத் தமிழர் கொடுத்த மிகச் சிறந்த பதில் 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம். இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம், இந்திய ஊழியர்கள் என்பது அதன் கொள்கை. அதன் தொடக்கத்தில் முன்னின்ற வே.ச. அசரியா, வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்று, 1912 இறுதியில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஒவ்வொரு விசுவாசியும் சாட்சி என்பதை அவர் வெறும் பிரசங்கமாக விடவில்லை. ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலையில் கைவைத்து, நற்செய்தியை அறிவிப்பேன் என்று உறுதி சொல்வதை அங்கே வழக்கமாக்கினார்.

1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. பேராயரும் வேண்டும், மூப்பர்களும் வேண்டும், சபையாரின் குரலும் வேண்டும் என்று மூன்றையும் ஒரே அமைப்புக்குள் வைத்தது அந்த ஐக்கியம். ஆகவே சேகரக் கமிட்டி, சபை மன்றம், திருமண்டலப் பெருமன்றம் எல்லாம் நிர்வாக வசதிக்காக வந்தவை அல்ல. அதிகாரம் ஒரே கையில் தங்கக் கூடாது என்ற விசுவாசத்திலிருந்து வந்தவை. இந்த வரலாற்றை மறந்துவிட்டதால்தான் கமிட்டி என்றாலே பலருக்கு எரிச்சல் வருகிறது.

வீடு சந்திப்பு

எந்தச் சபையில் கேட்டாலும் போதகர்மீது வைக்கப்படும் முதல் குறை, ஐயர் வீட்டுக்கு வருவதில்லை என்பதுதான். இதைச் சோம்பல் என்று சொல்லி முடித்துவிட முடியாது. 200 குடும்பங்கள் உள்ள சபை என்று வைத்துக்கொள்வோம். வாரம் நான்கு வீடுகளுக்குத் தவறாமல் போனாலும் எல்லா வீட்டையும் ஒருமுறை பார்த்து முடிக்க ஓர் ஆண்டு ஆகும். அதற்குள் சாவும் நோயும் சண்டையும் அந்த வரிசையைக் கலைத்துவிடும்.

ஆகவே சந்திப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் இருப்பவர், சமீபத்தில் மரணம் நடந்த வீடு, படுக்கையில் கிடக்கும் முதியவர், ஆலயத்துக்கு வருவதைத் திடீரென நிறுத்தியவர் ஆகிய நால்வகையினரைப் போதகரே போய்ப் பார்க்க வேண்டும். மற்ற வீடுகளைத் தெருவாரியாகப் பிரித்து, இருபது வீட்டுக்கு இருவர் என்ற கணக்கில் சபையாரிடம் ஒப்படைக்கலாம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருப்பது அவசியம்; பகல் வேளையில் வீட்டில் பெண்கள் தனியாக இருக்கும் ஊர்களில் ஆண்கள் மட்டும் போவது பயன்படாது. மாதம் ஒருமுறை இவர்கள் போதகரோடு உட்கார்ந்து பேச வேண்டும். யாருக்கு என்ன தேவை என்பதை அங்கே பேசலாம். யார் வீட்டில் என்ன இரகசியம் என்பதைப் பேசக் கூடாது. இந்த எல்லையை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

நெல்லை, தூத்துக்குடிக் கிராமங்களில் சந்திப்பின் முகமே மாறியிருக்கிறது. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட, பெரிய வீட்டில் முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெபம் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை மாத்திரை வாங்கித் தருவதும், ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வங்கிக்குக் கூட்டிப்போவதும். இவற்றை ஊழியம் என்று கணக்கில் சேர்க்காத சபை, தன் முதியவர்களைக் கைவிட்ட சபையாகிவிடும்.

மனநலம் குறித்தும் ஒரு வார்த்தை. தற்கொலை எண்ணம், தீராத சோர்வு, குடிநோய் ஆகியவற்றை விசுவாசக் குறைவு என்றோ பிசாசின் கிரியை என்றோ சொல்லி ஜெபத்தோடு அனுப்பிவிடுவது ஆபத்து. ஜெபிக்க வேண்டும், கூடவே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 ஒவ்வொரு ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் இருக்கலாம்.

பிரசங்கமும் ஆராதனையும்

சந்திப்பு இல்லாத பிரசங்கம் காற்றில் போய்விடும். ஜனங்களின் வாழ்க்கையை அறிந்தவரின் எளிய செய்தி, அறியாதவரின் சொல்வன்மையைவிட ஆழமாக இறங்கும். தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் திருச்சபையிலும் ஒவ்வொரு ஞாயிறுக்கும் வேதபாடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் போதகர் தமக்குப் பிடித்த நாலைந்து பகுதிகளையே சுற்றிச் சுற்றி வர முடியாது. சுயாதீன சபைகளிலும் ஒரு வேதப் புத்தகத்தை எடுத்து வாரம் ஓர் அதிகாரமாகச் சொல்லிவந்தால் இந்தப் பயன் கிடைக்கும்.

வாரத்தில் ஒரு காலைப் பொழுதை ஆயத்தத்துக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் அவசரம் தவிர வேறெதற்கும் அழைக்க வேண்டாம் என்று சபைக்குச் சொல்லிவிடுவது நல்லது. சபையில் நடந்த தனிப்பட்ட சண்டைக்கு மேடையிலிருந்து பதில் சொல்லும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். எதிர்த்துப் பேச வாய்ப்பில்லாத ஒருவரைப் பீடத்திலிருந்து குத்திக்காட்டுவது சத்தியத்தைச் சொல்வதாகாது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். மத்தேயு 18ஆம் அதிகாரம் முதலில் தனியே போய்ப் பேசச் சொல்கிறது.

ஆராதனையில் யாருடைய குரல் கேட்கிறது என்பதும் தலைமையைச் சேர்ந்த கேள்விதான். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, கிராம மக்களின் மெட்டிலும் தாளத்திலும் வழிபாட்டையே அமைத்தார். பரட்டை என்ற பெயரில் அறியப்பட்ட அவர், பாட எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அதைச் செய்யவில்லை. பறையும் நாட்டுப்புற மெட்டும் ஆலயத்துக்கு வெளியே நிற்க வேண்டியவை என்ற எண்ணத்தை எதிர்த்து அவர் போராடினார். இன்று ஒரு சபையில் கீர்த்தனைகளுக்கும் பாமாலைக்கும் வாலிபரின் கிட்டார் பாட்டுக்கும் இடையே தகராறு வரும்போது, ஒரு தரப்பை ஜெயிக்கவைப்பது தலைவரின் வேலையல்ல. இரு தரப்பும் சேர்ந்து ஒரு மாத ஆராதனைக்குப் பாடல்களைத் தெரிந்தெடுக்கும்படி ஒரே மேசையில் உட்காரவைப்பதே அவருடைய வேலை.

பெண்களும் வாலிபரும்

கைப்பிடி அரிசி என்ற வழக்கத்தை அறியாத நெல்லைக் கிறிஸ்தவக் குடும்பம் அரிது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் சேர்த்து, அதைச் சபைக்குக் கொடுப்பார்கள். மிசோரத்தில் இதே வழக்கம் 1910இல் தொடங்கி, இன்றுவரை அங்குள்ள மிஷன் பணியின் பெரிய வருமானங்களில் ஒன்றாக இருக்கிறது. கையில் காசில்லாத பெண்கள் சமையலறையிலிருந்து சபையைத் தாங்கினார்கள். அப்படித் தாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்த கூட்டத்தில் உட்கார்ந்தார்கள்?

தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1976இல். அரை நூற்றாண்டு ஆகிறது. ஆயினும் பல சேகரக் கமிட்டிகளில் பெண்கள் எண்ணிக்கைக்காகவே இருக்கிறார்கள். சமையலும் அலங்காரமும் அவர்களுக்கு, கட்டடமும் கணக்கும் ஆண்களுக்கு என்ற பிரிவினை தொடர்கிறது. இதை மாற்றப் பெரிய தீர்மானம் எதுவும் தேவையில்லை. அடுத்த முறை பொருளாளரையோ தணிக்கையாளரையோ தெரிந்தெடுக்கும்போது, வங்கியிலும் பள்ளியிலும் கணக்குப் பார்த்து அனுபவமுள்ள பெண்களின் பெயரை முன்மொழிந்தால் போதும்.

வாலிபர் விஷயத்திலும் இதே தவறுதான் நடக்கிறது. அசனத்தில் பந்தி பரிமாறவும், விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும், ஒலிபெருக்கி கட்டவும் அவர்கள் வேண்டும். கமிட்டியில் வாய் திறந்தால் மட்டும், உனக்கு என்ன தெரியும் தம்பி என்ற கேள்வி வரும். சின்னத் தொகையானாலும் ஒரு நிதியை அவர்கள் பொறுப்பில் விட்டு, ஆண்டு முடிவில் கணக்குக் கேட்க வேண்டும். தவறு செய்தால் திருத்தலாம். பொறுப்பைச் சுமந்து பார்க்காத வாலிபர், நாற்பது வயதில் திடீரென்று பொறுப்புள்ள மூப்பராகிவிட மாட்டார்.

பணம்

சபைகள் உடைந்த கதைகளைக் கேட்டால், உபதேச வேறுபாட்டால் உடைந்ததாகச் சொல்லப்படும் இடங்களிலும் அடியில் பணம் இருக்கும். அறுப்பின் பண்டிகையில் படைக்கப்பட்ட வாழைத்தாரும் சேவலும் முதல் காய்ப்புத் தேங்காயும் ஏலம் போகும்போது ஊரே கூடி நின்று பார்க்கிறது. யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பது ஒளிவுமறைவில்லாமல் நடக்கிறது. அந்தத் திறந்த தன்மை ஏலத்தோடு முடிந்துவிடாமல் வங்கிப் புத்தகம் வரை போக வேண்டும்.

தென்கொரியாவின் யொய்டோ முழுச் சுவிசேஷச் சபையின் வரலாறு இந்த இடத்தில் ஆழ்ந்து பார்க்கத் தக்கது. 1958இல் ஒரு கூடாரத்தில் தொடங்கிய அந்தச் சபையின் போதகர் டேவிட் யோங்கி சோ, 1964இல் அளவு மீறிய உழைப்பால் உடல் தளர்ந்து விழுந்தார். அதன் பிறகே வீட்டுக் குழுக்களை அமைத்து, பெரும்பாலும் பெண்களை அவற்றுக்குத் தலைவர்களாக வைத்தார். அது உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. தமிழ்நாட்டின் நகர்ப்புறப் பெந்தெகொஸ்தே சபைகளும் அந்த முறையைப் பின்பற்றின. அதே சோ, தம் மகனிடமிருந்த பங்குகளைச் சபை அதிக விலைக்கு வாங்கச் செய்து நஷ்டம் ஏற்படுத்திய வழக்கில் 2014இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். ஜெபமும் போதனையும் ஆயிரக்கணக்கான பெண்களிடம் பகிரப்பட்டன. பணத்தின்மீதான முடிவு அவ்வாறு பகிரப்படவில்லை. ஊழியப் பகிர்வு எங்கே பாதியில் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

உள்ளூர் சபையில் செய்யக்கூடியவை எளிமையானவை. காணிக்கையை ஆராதனை முடிந்ததும் உறவினரல்லாத இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். முழுத் தொகையும் வங்கிக்குப் போன பிறகுதான் செலவு நடக்க வேண்டும். காணிக்கைப் பையிலிருந்து நேரே செலவு செய்யக் கூடாது. வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இருவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். க்யூஆர் அட்டை எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பது சபைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறு சுயாதீன சபைகளில் அது போதகரின் சொந்தக் கணக்காகவே இருப்பதுண்டு. எண்ணம் நல்லதாக இருந்தாலும், போதகர் இறந்துவிட்டால் அந்தப் பணம் சட்டப்படி அவருடைய வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். மாதக் கணக்கைச் சபையாரின் முன் வாசிக்க வேண்டும் அல்லது பலகையில் ஒட்ட வேண்டும். தணிக்கை செய்கிறவர் கமிட்டிக்கு வெளியே இருந்து வர வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உதவி தனி எச்சரிக்கையைக் கேட்கிறது. அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பதிவு பெற்ற அமைப்புகள் அந்தப் பணத்தை பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான் முதலில் பெற வேண்டும். வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவில்லாத சபை, வெளிநாட்டு நண்பர் ஒருவர் அன்பாக அனுப்பினார் என்று போதகரின் கணக்கில் பணம் வாங்குவது பெரிய சிக்கலில் போய் முடியும். வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. அயல்நாட்டவரோ அயல்நாட்டு அமைப்போ கொடுப்பது வேறு. ஒரு கணக்காயரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது செலவல்ல, பாதுகாப்பு.

சாதியும் தேர்தலும்

தமிழ்ச் சபையின் ஆறாத புண் சாதி. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் எழுதிய சுற்றறிக்கையில், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். அதை ஏற்காமல் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். இரண்டு நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன. இன்று தனிப் பாத்திரமும் தனி இருக்கையும் பெரும்பாலும் மறைந்திருக்கலாம். ஆனால் கல்லறைத் தோட்டத்தின் பிரிவிலும், தேர்தலில் நிற்கும் அணிகளின் அமைப்பிலும், எந்தப் போதகர் எந்தச் சபைக்கு அனுப்பப்படுகிறார் என்பதிலும் சாதி தொடர்ந்து பேசுகிறது.

யாக்கோபு 2ஆம் அதிகாரம் பொன்மோதிரம் அணிந்தவரையும் கந்தை உடுத்தியவரையும் உட்காரவைக்கும் இடத்தைப் பற்றியே பேசுகிறது. உள்ளூர் தலைவர் செய்யக்கூடியதும் அங்கேதான் தொடங்குகிறது. போதகர் எந்தத் தெரு வீடுகளில் சாப்பிடுகிறார், எந்தத் தெருவில் திண்ணையோடு திரும்புகிறார் என்பதை ஊர் கவனிக்கிறது. வேதபாடம் வாசிப்பவர், காணிக்கை எடுப்பவர், கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளாக நடிக்கும் பெண் ஆகியோர் எந்தக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள் என்பதை ஓர் ஆண்டு குறித்துவைத்துப் பார்த்தால் சபையின் நிலை தெரிந்துவிடும். எல்லாத் தெருவிலும் சாப்பிடாத போதகர் சாதியைக் கண்டித்துப் பிரசங்கிக்க வேண்டாம். யாரும் நம்ப மாட்டார்கள்.

தேர்தல்கள் நல்ல நோக்கத்தோடு வந்தவை. ஆனால் பள்ளி, கல்லூரி, நிலம், வேலை நியமனம் ஆகியவை திருமண்டல அதிகாரத்தோடு சேர்ந்திருப்பதால், சேகரத் தேர்தல்கூட அரசியல் கட்சித் தேர்தல்போல நடக்கிறது. வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை போய், ஓய்வுபெற்ற நீதிபதிகள் நிர்வாகிகளாக அமர்த்தப்படும் நிலையைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது. மேல்மட்டத்தை உள்ளூர் போதகர் மாற்றிவிட முடியாது. ஆனால் தம் சேகரத்தில் எந்த அணியின் வாகனத்திலும் ஏறாமல் இருக்கலாம். வாக்காளர் பட்டியலை உரிய காலத்தில் எல்லார் பார்வைக்கும் வைக்கலாம். தோற்றவர்களில் ஒருவரையாவது அடுத்த மாதமே ஒரு பொறுப்புக்கு அழைக்கலாம். இந்த மூன்றும் ஒரு சபையை இரண்டாகப் பிளக்காமல் காப்பாற்றும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, விடுதி, முகாம் என்று சபையின் கையில் பெற்றோர் தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கிறார்கள். இங்கே நம்பிக்கை மட்டும் போதாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தவரோ நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரோ காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் மறைப்பதும் குற்றம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தம்கீழ் பணிசெய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சபையின் பெயர் கெட்டுவிடும், இரு குடும்பத்தையும் அழைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று மூப்பர்கள் சொல்வது சட்டத்துக்கும் சுவிசேஷத்துக்கும் விரோதம். சிறு பிள்ளைகளுக்கு இடறல் உண்டாக்குகிறவரைப் பற்றி இயேசு சொன்னதைவிடக் கடுமையாக எந்தச் சட்டமும் சொல்லிவிடவில்லை.

எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது. வகுப்புக்கு எப்போதும் இருவர் வேண்டும். முகாமில் பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 அவர்கள் கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில், பெண்களின் பாதுகாப்புக்காக 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும். சபை நடத்தும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் விலக்கு இல்லை.

ஊரோடு உறவு

சபை ஊருக்குள்தான் இருக்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் பொது ஏற்பாடு. அதை மதிப்பது, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் படுக்கையில் இருக்கும் முதியவருக்கும் காட்டும் அன்பு. அசனப் பந்தியில் எல்லா மதத்தவரும் வந்து உட்காரும் ஊர்கள் நெல்லைச் சீமையில் இன்றும் இருக்கின்றன. வெள்ளத்திலும் பஞ்சத்திலும் மதம் கேட்காமல் திறந்த ஆலயக் கதவு, ஒரு கன்வென்ஷன் மேடை சம்பாதிக்க முடியாத நல்லெண்ணத்தைச் சம்பாதித்திருக்கிறது.

போதகரின் வீடும் அடுத்து வருபவரும்

போதகரைப் பற்றி இவ்வளவு எதிர்பார்க்கும் சபை, அவருக்கு என்ன தருகிறது என்பதையும் கேட்க வேண்டும். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு, ஆண்டில் ஒரு விடுமுறை, பிள்ளைகளின் படிப்புக்கு நிம்மதி, உரிய நாளில் சம்பளம் ஆகியவை சலுகைகள் அல்ல. ஐயரம்மாவைச் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராக எண்ணும் பழக்கமும் மாற வேண்டும். விருப்பமும் வரமும் இருந்தால் அவர் ஊழியம் செய்வார். இல்லாவிட்டால் அவரும் சபையில் ஒரு விசுவாசி, அவ்வளவே. போதகருக்கும் மனம்விட்டுப் பேச ஆள் வேண்டும். தம் சபைக்கு வெளியே இன்னும் இரண்டு மூன்று போதகர்களோடு மாதம் ஒருமுறை கூடிப் பேசி ஜெபிக்கிறவர் எளிதில் விழுந்துவிட மாட்டார்.

திருமண்டலச் சபைகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வருகிறது. சுயாதீன சபைகளில் நிறுவனர் இறக்கும்வரை தலைவர். அதன் பின் பெரும்பாலும் மகன். முதல் முறையில் தொடர்ச்சி அறுந்துபோகிறது: முந்தியவர் தொடங்கியதை வந்தவர் நிறுத்துவதும், வந்தவரோடு ஒத்துப்போகாமல் முந்தியவரின் ஆட்கள் ஒதுங்குவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டாவது முறையில் சபை குடும்பச் சொத்தாகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பொறுப்புகள் எழுத்தில் இருக்க வேண்டும். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும் சொத்துப் பத்திரங்களும் யார் வந்தாலும் எடுத்துப் பார்க்கும்படி ஒழுங்காக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொறுப்பிலும் ஒருவர் செய்யும்போது இன்னொருவர் கூட நின்று கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த போதகர் யார் என்பதை, நிறுவனர் உடல்நலத்தோடு இருக்கும்போதே, சபையார் கூடிப் பேசி வகுத்த முறைப்படி தீர்மானிக்க வேண்டும். போதகர் இல்லாத மூன்று மாதம் ஜெபமும் சந்திப்பும் கணக்கும் தடையின்றி நடந்தால், அவர் நன்றாக ஊழியம் செய்தார் என்று பொருள்.

எங்கிருந்து தொடங்குவது?

மேலே சொன்னவை அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்ய முயல்கிற சபை எதையும் செய்து முடிக்காது. மூன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதக் கணக்கை அடுத்த மாத முதல் ஞாயிறு சபைக்கு முன் வாசிப்பது முதலாவது. தெருவாரியாகச் சந்திப்புக் குழுக்களை, ஆணும் பெண்ணுமாக, பெயர் சொல்லி நியமிப்பது இரண்டாவது. பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி ஞாயிறு பள்ளிச் சுவரில் ஒட்டுவது மூன்றாவது. இவற்றுக்குப் பணம் வேண்டாம், பேராயரின் உத்தரவு வேண்டாம், கட்டடம் வேண்டாம். போதகர் தம் கையிலிருப்பதைக் கொஞ்சம் விட வேண்டும். சபையார் கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். விடுவதற்கு இருக்கும் பயமும் வாங்குவதற்கு இருக்கும் தயக்கமும்தான் உண்மையான தடைகள். அவற்றைத் தாண்டிய உபதேசிமார்களும் கைப்பிடி அரிசி சேர்த்த பெண்களும் நமக்கு ஒரு சபையை விட்டுப்போனார்கள். வறுமையிலும் அவர்களால் முடிந்தது என்றால், படிப்பும் வசதியும் சட்ட அறிவும் உள்ள நம் தலைமுறை முடியாது என்று சொல்லக் காரணம் எதுவும் இல்லை.